விரைவுக் கல்வியும் வீட்டுமொழியும்: பெங்களூரின் பள்ளி செல்லாக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகளுக்கு ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

பள்ளியில் சேராத, அல்லது சேர்ந்து இடையில் நின்றுவிட்ட குழந்தைகளைக் குறுகிய காலத்தில் ஒத்த வயதினரோடு சேர்த்துவிடும் கல்வித் திட்டங்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் நடைபெற்று வருகின்றன. இந்தியாவில் இம்முயற்சிக்குச் சட்ட வடிவம் தந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமாகும். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை பள்ளியில் சேர்க்கப்படாதிருந்தாலோ தொடக்கக் கல்வியை முடிக்க இயலாது போயிருந்தாலோ, அதனை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்றும், பிற குழந்தைகளுக்கு நிகராக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அதற்கு உண்டு என்றும் அச்சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது. அப்பயிற்சியின் காலம் மூன்று மாதத்திற்குக் குறையாமலும் இரண்டு ஆண்டுக்கு மிகாமலும் அமைய வேண்டும் என்பது நடுவண் அரசின் மாதிரி விதி.

எனவே, பத்து வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை, பிறர் நான்கு ஆண்டுகளில் கற்றதை மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கற்றாக வேண்டும். இஃது இயலுமா என்னும் வினாவைக் கல்வியியலார் பலர் ஆராய்ந்துள்ளனர். எந்த மொழியில் இயலும் என்னும் வினா அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. பெங்களூர் நகரைக் களமாகவும், அங்குத் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைகளைச் சான்றாகவும் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கன்னடச் சொற்கள் இங்குத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ஒலிப்புடை ஒலிகளையும் ஒலிப்பிலா ஒலிகளையும் தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாது. இக்குறை இக்கட்டுரையில் பின்னர் ஒரு சான்றாகவே பயன்படும்.

2. கலைச்சொற்களும் அவற்றின் எல்லைகளும்

2.1 இத்துறையின் சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. பள்ளி செல்லாதவருக்கான இக்கல்விமுறை 'துரிதக் கல்வி', 'விரைவுக் கல்வி', 'முடுக்கக் கல்வி' எனப் பலவாறு மொழிபெயர்க்கப்படுகிறது. முடுக்கம் என்பது இயற்பியலில் வேகம் மாறும் வீதத்தைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. மேலும், கல்வி உளவியலில் இதே ஆங்கிலச் சொல் மீத்திறன் மிக்க மாணவரை மேல்வகுப்புக்கு ஏற்றுவதையும் குறிக்கும். ஆதலின், இக்கட்டுரையில் 'விரைவுக் கல்வி' என்னும் சொல், வயது மீறிய குழந்தைகளுக்குப் பல ஆண்டுப் பாடத்திட்டத்தைச் சுருக்கி, அவர்தம் அறிவு முதிர்ச்சிக்கேற்பக் கற்பித்து, சான்றளிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் முறையை மட்டுமே சுட்டும்.

2.2 இதனோடு மயங்கக்கூடியவை இரண்டு. ஒன்று, இணைப்புப் பயிற்சி. இது முழுப் பாடத்திட்டத்தையும் முடிக்க முயலாது, முறைசார் பள்ளியில் சேர்வதற்கான ஆயத்தத்தை மட்டும் தரும். மற்றொன்று, மீட்புப் பயிற்சி. இது பள்ளியில் இருந்த குழந்தைக்கு இடையில் விடுபட்டதை ஈடுசெய்யும். பெருந்தொற்றுக்காலப் பள்ளி அடைப்புக்குப் பின் 2022-23ஆம் கல்வியாண்டில் கர்நாடகம் நடத்திய 'கலிகா சேதரிகெ' மூன்றாவதைச் சேர்ந்தது. கர்நாடகப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்தில் நடைபெறும் 'சேதுபந்த'வும் அத்தகையதே. அது பள்ளியிலிருக்கும் மாணவருக்கு முந்தைய வகுப்புப் பாடத்தை நினைவூட்டுவது. சேது என்றால் பாலம் என்பதைக் கருதி, பள்ளி செல்லாதாருக்கான இணைப்புப் பயிற்சியைச் 'சேதுபந்த' என்றோ, அதனை இதுவாகவோ மொழிபெயர்ப்பது பிழையாகும்.

2.3 குழந்தைகளைச் சுட்டும் சொல்லும் கருதத்தக்கது. தமிழில் 'பள்ளி செல்லாக் குழந்தைகள்' என்கிறோம். எதிர்மறைப் பெயரெச்சத்தின் எழுவாய் குழந்தையே ஆதலால், செல்லாமையின் பொறுப்பு அதன்மேல் விழுகிறது. 'இடைநின்ற' என்பதிலும் அவ்வாறே. கன்னடத்தில் 'ஷாலெயிந்த ஹொரகுளித மக்களு' என்பர். ஹொர என்பது தமிழின் புறம்; உளி என்பது எஞ்சுதற்பொருளில் வரும் வினை, தமிழின் ஒழி என்பதற்கு இனமானது. 'பள்ளிக்குப் புறத்தே எஞ்சிவிட்டவர்' என்பது இத்தொடரின் பொருள். மக்களு என்பது இங்குக் குழந்தைகளைக் குறிக்கும். அறிக்கைகளை மொழிபெயர்ப்போர் இதனை 'மக்கள்' எனக் கொண்டால் கணக்கே மாறிவிடும். இரு தொடர்களும் நிலையைச் சுட்டுகின்றன. பள்ளியே குழந்தையைப் புறத்தே நிறுத்தியிருக்கலாம் என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

3. விரைவு எதனால் இயல்கிறது?

3.1 ஆறு வயதுக் குழந்தை நான்கு ஆண்டில் கற்பதைப் பத்து வயதுக் குழந்தை அதனினும் மிகக் குறைந்த காலத்தில் கற்கக்கூடும் என்னும் கருத்துக்கு அடிப்படை உண்டு. வயது மிகுந்த குழந்தையிடம் அறிவு முதிர்ச்சி, வாழ்க்கையில் ஈட்டிய அறிவு, முழுமையாகக் கைவந்த ஒரு பேச்சுமொழி ஆகிய மூன்றும் ஏற்கெனவே உள்ளன. எழுத்தறிவு மட்டுமே இல்லை. அதனைச் சேர்த்துவிட்டால் ஏனையவை விரைந்து இணைந்துகொள்ளும் என்பதே விரைவுக் கல்வியின் கோட்பாடு.

3.2 வாழ்க்கையில் ஈட்டிய அறிவு என்பது வெறும் புகழுரையன்று. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத் தெருக்களில் பண்டம் விற்கும் சிறுவரை ஆராய்ந்து 1985இல் வெளியிடப்பட்ட ஆய்வு இத்துறையில் பலரும் அறிந்தது. விற்பனையின்போது வாடிக்கையாளர்போல் கேட்கப்பட்ட கணக்குகளில் ஏறத்தாழ 98 விழுக்காட்டிற்குச் சரியான விடை கூறிய அதே சிறுவர், அவற்றையே எழுத்துக் கணக்காகத் தந்தபோது ஏறத்தாழ 37 விழுக்காட்டிற்கே சரியான விடை தந்தனர். கணிதத் திறன் இருந்தது. அதனை வெளிக்கொணரும் வடிவம் பள்ளியுடையதாக இருந்தது. அங்கு மொழி ஒன்றுதான் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

3.3 பெயர்பெற்ற விரைவுக் கல்வித் திட்டங்களை நோக்கின், அவை பெரும்பாலும் குழந்தையின் மொழியிலேயே நடந்தவை என்பது புலப்படும். வங்காளதேசத்தில் பிராக் நிறுவனம் 1985இல் 22 பள்ளிகளுடன் தொடங்கிய முறைசாராத் தொடக்கக் கல்வி, பின்னர் ஐந்தாண்டுப் பாடத்தை நான்காண்டில் முடிப்பதாக வளர்ந்தது. அது வங்கமொழிக் குழந்தைகளுக்கு வங்கமொழியில் நடந்தது. வடகானாவில் 1995இல் தொடங்கிய 'வாழ்க்கைக்கான பள்ளி' ஒன்பது மாதத்தில் டக்பானி முதலிய தாய்மொழிகளில் எழுத்தறிவு தந்து, அதன்பின் குழந்தைகளை முறைசார் பள்ளிக்கு அனுப்பியது. ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல், சாந்தா சின்ஹாவின் வழிகாட்டலில், எம். வி. அறக்கட்டளை குழந்தைத் தொழிலாளரை மீட்டு நடத்திய உறைவிட முகாம்கள் பெரிதும் தெலுங்குச் சூழலில் தெலுங்கு வழியே நடந்தவை.

இவற்றின் வெற்றியைச் சுட்டி, 'மூன்று மாதம் போதும்', 'ஒன்பது மாதம் போதும்' எனக் கால அளவை மட்டும் பெயர்த்தெடுப்பது முறையாகாது. அக்கால அளவுகள் யாவும் பேச்சுமொழி முன்னரே கையில் உள்ளது என்னும் நிபந்தனைக்கு உட்பட்டவை. நிபந்தனை நீங்கின் அளவும் நீங்கும்.

4. பெங்களூரின் மொழிச்சூழல்

4.1 1809இல் ஆங்கிலேயர் அமைத்த பாளையத்தோடு சென்னை மாகாணத்துத் தமிழர் பெருமளவில் பெங்களூரில் குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகள் அக்காலத்தின் தொடர்ச்சி. பாளையமும் பழைய நகரமும் 1949இல் ஒரே மாநகராட்சியாயின. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெங்களூர் மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது ஆகியவற்றைக் கூறியோர் ஒவ்வொரு மொழிக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

4.2 'பெங்களூர்த் தமிழ்க் குழந்தை' என்பது ஓரினமன்று. மூன்று நான்கு தலைமுறையாக நகரில் வாழும் குடும்பத்துக் குழந்தை தமிழையும் கன்னடத்தையும் ஒருங்கே பேசி வளர்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெற்றோரோடு வந்து, வேலை முடிந்ததும் அடுத்த இடத்திற்குப் பெயரும் குழந்தைக்குக் கன்னடம் புதியது. இவ்விரண்டாம் வகையிலும் உட்பிரிவு உண்டு. தமிழகத்துப் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டு படித்து நின்ற குழந்தை தமிழ் எழுத்தறியும். எப்பள்ளியும் காணாத குழந்தை எவ்வெழுத்தும் அறியாது. கணக்கெடுப்புப் படிவத்தில் இவர் அனைவரும் ஒரே பத்தியில் அடங்குவர்.

4.3 கர்நாடக அரசு 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் நடத்திய திட்டங்கள் பல. கோடை விடுமுறையில் இரண்டு மாத அளவில் நடந்த 'சிண்ணர அங்கள' (சிறுவர் முற்றம்), 'கூலியிந்த ஷாலெகெ' (கூலியிலிருந்து பள்ளிக்கு), 'பா மரளி ஷாலெகெ' (மீண்டும் பள்ளிக்கு வா), கட்டுமானத் தளங்களையொட்டிய கூடாரப் பள்ளிகள் ஆகியன அவற்றுட் சில. பள்ளி செல்லாக் குழந்தைகள் பற்றிய நாளிதழ்ச் செய்தியைக் கண்டு 2013இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்த பின்னர்க் கணக்கெடுப்பும் கண்காணிப்பும் மிகுந்தன. நோக்கத்தில் இத்திட்டங்களுக்குக் குறை கூற இயலாது. ஆயின் இவற்றின் பெயர்களே மொழிச்சிக்கலைக் காட்டுகின்றன. ஷாலெ என்பது கன்னடத்தில் பள்ளி. பாடசாலை என்னும் கூட்டுச்சொல்லிலன்றித் தனித்து வரும்போது தமிழ்ப் பேச்சில் சாலை என்பது தெருவழியே. சாலையோரத்தில் வாழும் குழந்தைக்கு இவ்வழைப்பு எவ்வாறு கேட்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

4.4 இது பெங்களூருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குழந்தைகளுக்குத் தமிழ் அந்நிய மொழி. ஒடியப் பாடநூல்களைத் தருவித்தும் ஒடியம் அறிந்தோரைக் கொண்டும் அங்குக் கற்பிக்க முயன்றமை இவண் குறிப்பிடத்தக்கது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமும் 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டமும் ஒரே இயல்பின. ஓரிடத்துச் சிறுபான்மை பிறிதோரிடத்துப் பெரும்பான்மையாதலின், எம்மொழியையும் குற்றஞ்சாட்டுவது இவ்வாய்வுக்குப் பொருந்தாது.

5. தமிழ் - கன்னட அண்மையும் சேய்மையும்

5.1 தமிழும் கன்னடமும் ஒரே கிளையின. ஆகவே தமிழ்க் குழந்தைக்குக் கன்னடம் தடையாகாது என்னும் கருத்து ஆசிரியரிடையே பரவலாக உண்டு. அது ஓரளவே உண்மை. சொற்றொடர் அமைப்பு ஒன்றே. வேற்றுமையுருபேற்றல், வினையெச்சத் தொடர், எண்ணுப்பெயர் அமைப்பு ஆகியன நெருங்கியவை. ஒலிமாற்றங்கள் ஒழுங்கானவை. சொல்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் - ஹாலு, பல் - ஹல்லு, புலி - ஹுலி, புல் - ஹுல்லு, பத்து - ஹத்து. சொல்முதல் வகரம் ஒலிப்புடைப் பகரமாகும்: வாய் - பாயி, வாழை - பாளெ, விரல் - பெரளு. தமிழில் அண்ணச்சாயலால் சகரமானவை கன்னடத்தில் ககரமாகவே நிற்கும்: செவி - கிவி, சேரி - கேரி. ஓரிரு விதிகளைக் காட்டினால் குழந்தை நூற்றுக்கணக்கான சொற்களைத் தானே இனங்கண்டுகொள்ளும்.

5.2 இவ்வண்மை வீட்டுச் சொற்களிலும் விளையாட்டுச் சொற்களிலும் மிகுதி. பாடநூற் சொற்களில் மிகக் குறைவு. கூட்டு - கூடு, கழி - களெ என்பன பேச்சளவில் இனச்சொற்கள். ஆனால் பாடநூலில் கூட்டல் 'சங்கலன' ஆகிறது. பெருக்கல் 'குணாகார', வகுத்தல் 'பாகாகார' ஆகின்றன. சுற்றுச்சூழல் 'பரிசர'. கடந்த நூற்றாண்டில் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் தனித்தமிழ் வேர்களை நாடியது. கன்னடக் கலைச்சொல்லாக்கம் பெரிதும் வடமொழியை நாடியது. எனவே பேச்சில் உடன்பிறப்பாய் இருக்கும் இருமொழிகளும் வகுப்பேறுந்தோறும் விலகிச் செல்கின்றன.

5.3 இதன் விளைவு நுட்பமானது. தமிழ்க் குழந்தை சில வாரங்களிலேயே விளையாட்டிடத்தில் கன்னடம் பேசத் தொடங்கிவிடுகிறது. ஆசிரியர் 'இதற்குக் கன்னடம் வந்துவிட்டது' என முடிவு செய்கிறார். பின்னர்ப் பாடம் விளங்காதபோது, மொழி தடையன்று என ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், குறை குழந்தையின் அறிவின்மேல் ஏற்றப்படுகிறது. கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், உரையாடல் திறன் ஏறத்தாழ இரண்டாண்டில் கைவரும் என்றும், பாடமொழித் திறன் ஒத்த வயதினரை எட்ட ஐந்து முதல் ஏழாண்டு வரை ஆகும் என்றும் கண்டார். மொழியினத்தால் நெருங்கிய தமிழ் - கன்னடத்தில் முதற்காலம் சில வாரங்களாகச் சுருங்குகிறது. இரண்டாம் காலம் அவ்வாறு சுருங்கும் எனக் கொள்ளப் பாடநூற் சொற்களின் இயல்பு இடந்தரவில்லை. இடைவெளி குறைவதற்கு மாறாக மறைக்கப்படுகிறது. அண்மையே இங்குத் திரையாகிறது.

5.4 வடிவொத்துப் பொருள் வேறுபடும் சொற்களும் உள. கட்டுமானத் தளத்தையொட்டிய மையம் ஒன்றில் கட்டுரையாளர் கண்ட நிகழ்ச்சி இது. பன்னிரண்டிலிருந்து ஐந்து போனால் 'எஷ்டு உளியுத்ததெ?' (எத்தனை எஞ்சும்?) எனக் கன்னடத்தில் கேட்கப்பட்ட சிறுவன், கல் கொத்தும் வேலை நடக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். உளி என்பது அவன் தந்தையின் கைக்கருவி. 'மீதி எத்தனடா?' எனத் தமிழில் கேட்டதும் விரல் மடக்காமல் 'ஏழு' என்றான். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கழித்தல் தெரியாது என்னும் குறி ஏற்கெனவே இடப்பட்டிருந்தது.

5.5 எழுத்து நிலையில் இருவகைக் குழந்தைகளின் இடர்ப்பாடும் வேறு. கன்னட வருணமாலையில் 13 உயிர், 2 யோகவாகம், 34 மெய் என 49 எழுத்துகள். தமிழில் ஒலிப்புடைமை பெரிதும் சூழல் பற்றியது. கன்னடத்தில் அது பொருள் வேறுபடுத்தும் ஒலியன். 'தண்ட' எனத் தமிழில் எழுதினால் அது கன்னடத்தில் குழுவைக் குறிக்கும் சொல்லாகவும் இருக்கலாம், தண்டத்தொகையைக் குறிக்கும் சொல்லாகவும் இருக்கலாம். முதலெழுத்தின் ஒலிப்பே வேறுபாடு. தமிழ் எழுத்தறிந்த குழந்தை ஓரெழுத்துக்குப் பல ஒலி என்னும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எழுத்தே அறியாத குழந்தைக்கு அப்பழக்கம் இல்லை. பஸ், பால் (பந்து) முதலிய கடன்சொற்கள் வழியாகச் சொல்முதல் ஒலிப்புடை ஒலி அதன் பேச்சில் ஏற்கெனவே உண்டு. அதன் இடர்ப்பாடு மூச்சுடை ஒலிகளிலும், மெய்யின்கீழ் மெய் எழுதும் ஒத்தக்ஷரங்களிலுமே மிகும். இவ்விருவருக்கும் ஒரே பயிற்சிநூல் பொருந்தாது.

6. அளவீட்டுக் கருவிகளும் மொழிபெயர்ப்பும்

6.1 விரைவுக் கல்வி ஆய்வில் குழந்தையின் தொடக்கநிலையும் முடிவுநிலையும் தேர்வுகளால் அளக்கப்படுகின்றன. ஒரு மொழியில் ஆக்கிய தேர்வைப் பிறிதொன்றில் பெயர்க்கும்போது பொருள் ஒத்திருந்தால் போதும் எனக் கருதுவது இங்குப் பிழை. கடினம் ஒத்திருக்க வேண்டும். 'அம்மா' என்பது தமிழில் மூன்றெழுத்து, புள்ளியோடு. கன்னடத்தில் 'அம்ம' இரண்டு அக்கரம், ஒத்தோடு. நிமிடத்திற்கு இத்தனை சொல் படிக்க வேண்டும் என்னும் அளவுகோல் ஆங்கிலத்தை ஒட்டியது. 'வந்துகொண்டிருந்தான்' என்னும் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் வேண்டும். ஒட்டுநிலை மொழிகளில் அவ்வளவுகோலை அப்படியே வைத்தால், நன்கு படிக்கும் குழந்தையும் பின்தங்கியதாகத் தோன்றும்.

6.2 பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வில் எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் படிநிலைகள் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே ஆக்கப்படுகின்றன. குழந்தை தான் படிக்கும் மொழியைத் தேர்ந்துகொள்ளவும் இயலும். இது பின்பற்றத்தக்க நெறி. ஆயினும் அது படிப்புத் திறனை அளப்பது. எழுத்தறியாக் குழந்தையின் பேச்சுத் திறனை அளக்கத் தனிக் கருவி வேண்டும்.

6.3 அக்கருவியைத் தமிழில் ஆக்கும்போது இரட்டை வழக்கு குறுக்கிடுகிறது. 'எஞ்சியவை எத்தனை?' எனச் செந்தமிழில் பெயர்த்தால், கன்னடத்தில் 'உளியுத்ததெ' விளங்காத குழந்தைக்கு இதுவும் விளங்காது. இரு மொழியிலும் சுழியம் பெற்ற குழந்தை என அது பதிவாகும். தேர்வு, குழந்தை பேசும் கிளைமொழியில் அமைய வேண்டும். பெங்களூர்த் தமிழில் கலந்துள்ள கன்னடச் சொற்களை நீக்கித் தூய்மை செய்வதும் இவ்விடத்தில் தீங்கே பயக்கும். மொழிபெயர்ப்பாளர் தம் நடையை விட்டுக் குழந்தையின் நடைக்கு இறங்க வேண்டிய அரிய இடங்களுள் இஃது ஒன்று.

7. தாய்மொழி என்னும் பத்தி

எண்ணிக்கையில் உள்ள வேறுபாடு யாவரும் அறிந்தது. 2014இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு ஒன்று இந்தியாவில் 6 முதல் 13 வயது வரையிலான பள்ளி செல்லாக் குழந்தைகளை ஏறத்தாழ 60 இலட்சம் என்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து பெறப்படும் எண் அதைப்போல் பன்மடங்கு. எத்தனை நாள் வராதவர் பள்ளி செல்லாதவர் என்னும் வரையறை மாறுவதே இதற்கு முதற்காரணம்.

மொழி பற்றிய பத்தியிலும் இத்தகைய மாறுபாடு உண்டு என்பதைப் பலர் கருதுவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி. 2014 மே 6 அன்று கர்நாடகப் பயிற்றுமொழி வழக்கில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பில், குழந்தையின் தாய்மொழி எது என்பதைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது காப்பாளர். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. தாய்மொழி எது என வரையறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வீட்டுமொழியைத் தாய்மொழியோடு சேர்த்துக் கூறுகிறது. இவற்றுள் எதனைக் கொண்டு பத்தி நிரப்பப்பட்டது என்பது தெரியாமல் இரு ஆய்வுகளை ஒப்பிட இயலாது. கன்னடப் பள்ளியில் இடம் மறுக்கப்படுமோ என அஞ்சித் 'தாய்மொழி கன்னடம்' எனக் கூறும் தந்தையும் உண்டு. பத்தி உண்மையாக நிரப்பப்படுவது, அதனால் குழந்தைக்குத் தீங்கு நேராது என்னும் நம்பிக்கையைச் சார்ந்தது.

8. ஆய்வுக்குச் சில நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை முன்வைக்கலாம்.

(அ) தொடக்கநிலைத் தேர்வு, வீட்டுமொழிப் பேச்சு வழக்கிலும் பள்ளிமொழியிலும் தனித்தனியே நடத்தப்பட வேண்டும். கணக்கும் கதை கூறலும் முதலில் வாய்மொழியாக வீட்டுமொழியில் அளக்கப்பட்டால்தான், குழந்தைக்கு இல்லாதது அறிவா மொழியா என்பது தெளியும்.

(ஆ) தாய்மொழி என்னும் ஒற்றைப் பத்திக்கு மாறாக, வீட்டில் பேசும் மொழி, விளையாட்டில் பேசும் மொழி, முன்பு படித்த மொழி, அறிந்த எழுத்து என நான்கு பத்திகள் வேண்டும்.

(இ) பயிற்சிக் காலத்தை அறுதியிடும்போது எழுத்தறிவுக்கான காலமும் மொழி கற்கும் காலமும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும். விதி தரும் இரண்டாண்டு என்னும் மேலெல்லை, புதுமொழியில் பயிலும் குழந்தைக்கு விதிவிலக்காகக் கருதப்படாமல் இயல்பாகக் கொள்ளப்பட வேண்டும்.

(ஈ) இனச்சொற்களையும் ஒலிமாற்ற விதிகளையும் அடிப்படையாகக் கொண்டு, தமிழறிந்த குழந்தைக்கான கன்னடத் தொடக்கநூல் ஆக்கப்பட வேண்டும். மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அதன் தென்மண்டல மொழி மையமும் பல்லாண்டுகளாக வளர்ந்த ஆசிரியருக்குத் திராவிட மொழிகளை ஒப்புமை வழியே கற்பித்துள்ளன. அவ்வறிவைக் குழந்தைக்குரிய வடிவில் தருதல் அரிதன்று.

(உ) பயிற்சி முடித்தோர் தொகையோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்ந்த பின்னரும் குழந்தைக்கு ஆசிரியரின் தனிக்கவனம் தொடர வேண்டும் என மாதிரி விதியே கூறுகிறது. பாடமொழி கடினமாகும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் எத்தனை பேர் மீண்டும் நின்றனர் என்பதை வீட்டுமொழி வாரியாகக் காண வேண்டும். திட்டத்தின் உண்மைப் பயன் அங்கேயே தெரியும்.

9. முடிவுரை

விரைவுக் கல்வி என்பது குழந்தை ஏற்கெனவே சேர்த்து வைத்துள்ள முதலைக் கொண்டு நடத்தும் வாணிகம் போன்றது. அம்முதலின் பெரும்பகுதி அதன் வீட்டுமொழியில் உள்ளது. அம்மொழியை வாயிலில் விட்டுவிட்டு வரச்சொல்லின், பத்து வயதுக் குழந்தையை ஆறு வயதினதாக்கி, அதனிடம் பத்து வயதுக்குரிய விரைவையும் எதிர்பார்க்கிறோம். டி. பி. பட்நாயக், இ. அண்ணாமலை முதலிய மொழியியலார் இந்தியப் பன்மொழிச் சூழலைச் சுமையாகக் கருதாது வளமாகக் கருத வேண்டும் என நெடுங்காலமாக வற்புறுத்தியுள்ளனர். அவ்வளம் பள்ளி செல்லாக் குழந்தைக்கு எட்டவில்லை.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குழந்தை கன்னடம் கற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதன் வாழ்வும் தொழிலும் அம்மொழியோடு பிணைந்தவை. பெற்றோரும் அதனையே விரும்புகின்றனர். கன்னடத்திற்குச் செல்லும் வழி தமிழின் ஊடாகச் செல்லும்போது குறுகியதாகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயன்றது. மொழியறியாமையை அறிவின்மையாகக் கணக்கிடும் ஆய்வு, குழந்தையை இரண்டாம் முறை பள்ளிக்கு வெளியே நிறுத்துகிறது. முதன்முறை வறுமை நிறுத்தியது. இரண்டாம் முறை நிறுத்துவது படிவமாகும். படிவத்தைத் திருத்துவது மொழியியலாராலும் மொழிபெயர்ப்பாளராலும் இயலக்கூடிய செயலே.